மூணடி நடையும் ஒன்னேகால் அடி வாலும்

ரத்தம்னாலே தலை சுத்தறவங்க இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி படிக்க வேண்டாம். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

எங்க வீட்டு போண்டா ஒரு அக்மார்க் சிட்லபாக்கம் நாட்டு நாய். ஏரிக்கரைப் பக்கம் ஒரு மழை நாள்ல உருண்டையா, பழுப்பா, எண்ணெய் வடியாத போண்டா மாதிரி உட்கார்ந்திருந்ததை என் பொண்ணு தூக்கிட்டு வந்தா. இப்போ உருண்டை எல்லாம் போய் ஒல்லியா, நெட்டையா ஆயிட்டான். வால் மட்டும் ஒன்னேகால் அடி. முடி கம்மி, சாட்டை மாதிரி இருக்கும். யாராவது வீட்டுக்குள்ள வந்தா அந்தச் சாட்டை சுத்தற வேகத்துல டீப்பாய் மேல இருக்கற காபி டம்ளர் எல்லாம் பறக்கும்.

2022 நவம்பர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிரில் கேட்டைச் சாத்தினேன். சாத்தினது நான்தான், அதை இங்கேயே ஒத்துக்கறேன். மழைக்கு ஓடி வந்த அவசரத்துல பின்னாடி பார்க்கலை. "வீல்"னு ஒரு சத்தம். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவுல வால் நுனி. பார்த்தா அரை இஞ்ச் அளவுக்குத் தோல் கிழிஞ்சிருந்தது, அவ்வளவுதான். பெரிய விஷயமா தெரியலை. பக்கத்து வீட்டு மாமா மதில் மேல எட்டிப் பார்த்து "காபித்தூள் அப்புங்க சார், டக்குன்னு நிக்கும்"னார். அப்பினோம், நின்னது. மறுநாள் அம்மா தன் பங்குக்கு மஞ்சளைத் தேங்காய் எண்ணெய்ல குழைச்சுத் தடவினாங்க. போண்டா மஞ்சள், எண்ணெய், காபித்தூள் மூணையும் நக்கி முடிச்சுட்டு இன்னும் இருக்கான்னு பார்த்தான். (காபித்தூள் நாய் வயித்துக்குள்ள போறது நல்லதில்லைன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. காயத்துலயும் அது அழுக்கு மாதிரி ஒட்டிக்கும். மாமா, மன்னிச்சுக்குங்க.)

திங்கக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தேன். வழக்கம்போல ஓடி வந்தான், வாலை ஆட்டினான்.

எங்க வீட்டு வாசல்ல இருந்து ஹாலுக்குப் போக ஒரு நடை உண்டு. அகலம் மூணடி. அந்த நடையில ஆடற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வால் சுவர்ல படார் படார்னு அடிக்கும். அன்னிக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. என் பேண்ட், சுவர், செருப்பு ஸ்டாண்டு, மாட்டியிருந்த பிள்ளையார் காலண்டர் எல்லாத்துலயும். பத்து செகண்டுல நடை முழுக்க குங்குமத்தை உதறின மாதிரி ஆயிடுச்சு. அவனுக்கு வலிச்சிருக்கணும். ஆனாலும் நிறுத்தலை. நான் வந்துட்டேனாம்!

இதுக்கு கால்நடை டாக்டர்கள் வச்சிருக்கற பேர் "ஹேப்பி டெயில்". லேப்ரடார், கிரேட் டேன் மாதிரி பெரிய உடம்பு, குட்டை முடி, பலமான வால் உள்ள நாய்களுக்கு அதிகமா வரும். வால் நுனியில சதைப்பற்று கிடையாது, எலும்பு மேல நேரா தோல். ரத்த ஓட்டமும் கம்மி. அதனால காயம் ஆறறதே மெதுவா. ஆறி லேசா பொருக்கு கட்டினதும் யாராவது வீட்டுக்கு வருவாங்க, ஐயா சந்தோஷப்படுவார், சுவர்ல அடிச்சு திரும்பப் பிளந்துக்கும். மாசக்கணக்குல இப்படியே போய், கடைசியில வாலை ஒட்ட வெட்டறது வரைக்கும் போறதுண்டு.

ஒரு சின்ன இடைச்செருகல். 2007-ல இத்தாலி பாரி நகரத்து விஞ்ஞானிகள் 30 நாய்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. தன் எஜமானைப் பார்த்தா நாயோட வால் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமா சாயுது, தெரியாத முரட்டு நாயைப் பார்த்தா இடப்பக்கம் சாயுதுன்னு கண்டுபிடிச்சாங்க. எங்க நடையிலயும் போண்டாவோட வலப்பக்கச் சுவர்லதான் பொட்டு ஜாஸ்தி. ஆனா இடப்பக்கம் செருப்பு ஸ்டாண்டு இருக்கு, அதுல பட்டதை நான் எண்ணலை. அதனால இந்த ஆராய்ச்சிக்கு நோபல் எதிர்பார்க்கலை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கட்டு போட்டேன். நழுவிடுச்சு. திரும்பப் போட்டேன், நழுவிடுச்சு. வால்ங்கறது நுனிக்குப் போகப் போகச் சிறுத்துக்கிட்டே போற சமாச்சாரம். ரெண்டு ஆட்டு ஆட்டினா கட்டு ராக்கெட் மாதிரி கிளம்பிப் போய் டிவி பின்னாடி விழுது. செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள்ள அஞ்சு தடவை. அப்பதான் எனக்கு அந்த மகா புத்திசாலித்தனமான யோசனை வந்தது. கட்டு மேல ஒரு ரப்பர் பேண்டு, ரெண்டு சுத்து. அசையலை. தங்கமணி கிட்ட பெருமையா காட்டினேன். "இறுக்கமா இருக்கேங்க"ன்னா. "இறுக்கமா இருந்தாதானே நிக்கும்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டேன்.

விடிகாலை நாலரைக்கு ஒரு சத்தம். உறுமலும் இல்லை, அழுகையும் இல்லை, நடுவுல ஏதோ ஒண்ணு. வாலைக் கடிச்சுக் குதறிக்கிட்டு இருந்தான். லைட்டைப் போட்டு வாலைப் பிடிச்சா, கட்டுக்கு மேல வீங்கியிருந்தது. கட்டை விலக்கிப் பார்த்தேன். நுனி ஊதா நிறம், தொட்டா ஐஸ் மாதிரி சில்லுனு. ரப்பர் பேண்டு தோலுக்குள்ள புதைஞ்சிருந்தது. கத்திரிக்கோலை நுழைச்சு வெட்டினேன். வெட்டின செகண்டுல என் கட்டை விரலுக்குக் கீழே ஒரு கடி. ஆறு வருஷத்துல என்னைக் கடிச்சது அந்த ஒரு தடவைதான். கடிச்சுட்டு உடனே காதை மடிச்சுக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிட்டான்.

குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கையைக் கழுவினேன். அந்த 15 நிமிஷமும் யோசிச்சது கையைப் பத்தி இல்லை.

அரசு மருத்துவமனையில "எங்க நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடறோம்மா"ன்னேன். "அது நாய்க்கு சார், இது உங்களுக்கு"ன்னாங்க நர்ஸ் அம்மா. அன்னிக்கு, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள்னு கணக்கு. அதோட காயத்தைச் சுத்தியே ஒரு ஊசி. அதைப் பத்தி எழுதினா திரும்ப வலிக்கும், விடுங்க. வலியில இருக்கற நாயைத் தொடறதுக்கு முன்னாடி பழைய துப்பட்டாவால வாயைச் சுத்தி மெதுவா ஒரு சுருக்குப் போட்டிருக்கணும். வாந்தி எடுக்கற, மூச்சு வாங்கற நாய்க்கு அதுவும் கூடாது. வீட்டு நாய்தானேன்னு இருந்தது என் மடத்தனம்.

போண்டாவைப் பார்த்த டாக்டர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை. வாலைத் தடவித் தடவி எலும்பு முறியலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நுனி செத்திருக்கும் சார். இப்பவும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் பார்க்கலாம். கறுத்துப் போச்சுன்னா வெட்டணும். வேப்பேரிக்குப் போக வேண்டியிருக்கும்"னார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல ஆரம்பிச்சது. சென்னையில நாய் வளர்க்கறவங்களுக்கு அது கடைசிக் கோர்ட்டு மாதிரி. சிட்லபாக்கத்துல இருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர், நாயை ஏத்திக்கற ஆட்டோவும் கிடைக்கணும். அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமான்னு கேட்டதுக்குத்தான் அவர் குரல் உசந்தது. மனுஷங்க வலி மாத்திரை எதுவும் கூடாதாம். ஐபுபுரூஃபன் எல்லாம் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுத்துடுமாம். அவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுக்கச் சொன்னார்.

அந்த ரெண்டு நாளும் நான் மணிக்கொரு தடவை போய் வால் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் வாலைக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில நுனி வெதுவெதுப்பா இருந்தது. மனப்பிராந்தியோன்னு தங்கமணியைக் கூப்பிட்டேன். அவளும் தொட்டுப் பார்த்துட்டு "சூடா இருக்குங்க"ன்னா. ஊதா போய் ரோஸ் நிறம் வந்திருந்தது. அன்னிக்கு நான் ஆபீஸுக்கு லேட்டு.

கட்டு போடற முறையை டாக்டர் செஞ்சே காட்டினார். அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு, அதால கழுவணும். சுத்தியுள்ள முடியை மழுங்கின கத்திரியால வெட்டணும். பொவிடோன் அயோடினை அப்படியே ஊத்தாம, லைட்டான டீ டிகாஷன் நிறத்துக்குத் தண்ணி கலந்து ஒத்தணும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புதுசா வளர்ற சதையையும் சேர்த்துப் பொசுக்கிடும், வேண்டாம். ரத்தம் வந்தா காஸ் துணியை வச்சு அஞ்சு நிமிஷம் அழுத்தணும், நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்). காயத்து மேல ஒட்டாத பாராஃபின் காஸ், அதுக்கு மேல சாதாரண காஸை நுனியில இருந்து மேல் நோக்கிப் பாதிக்குப் பாதி ஏறற மாதிரி சுத்தணும்.

இப்போ நழுவாம இருக்கற சூட்சுமம். மைக்ரோபோர் டேப்பை முதல்ல நீளவாக்குல ரெண்டு பக்கமும் ஒட்டணும், வாலோட மேல்பகுதி முடியில பிடிக்கற மாதிரி. அதுக்கு மேலதான் லேசா சாய்வாச் சுத்தணும். பிடிமானம் முடியில இருந்து வரணும். இறுக்கத்துல இருந்து வரக்கூடாது. சுத்தி முடிச்சதும் கட்டுக்கு அடியில நம்ம சுண்டு விரல் நுழையணும். தினமும் பிரிச்சுப் பார்க்கணும், மோந்தும் பார்க்கணும். மழைக்காலத்துல ஈ உட்கார்ந்தா புழு வைக்க ஒரு நாள் போதும். நாத்தம் அடிச்சாலோ, வீங்கினாலோ, சில்லுனு இருந்தாலோ, கட்டையே கடிச்சாலோ டாக்டர்கிட்ட ஓடணும். நக்காம இருக்கக் கழுத்துல ஒரு பிளாஸ்டிக் கூம்பு. அதை மாட்டிக்கிட்டு போண்டா வீட்டுல இருக்கற எல்லாக் கதவுலயும் இடிச்சான்.

இவ்வளவும் சொல்லிட்டு கடைசியா சொன்னார்: "முக்கியமா, வாலை ஆட்டாம பார்த்துக்கோங்க."

எப்படி சார்?

"சந்தோஷப்படுத்தாதீங்க."

ஆக, வீட்டுல ஊரடங்கு. யாரும் வரும்போது அவனைக் கூப்பிடக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது, நேரா உள்ளே போயிடணும். பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா பின் கதவு வழியா திருடி மாதிரி நுழைஞ்சா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கடன்காரன் வீட்டைத் தாண்டற மாதிரி நடையைத் தாண்டினேன். முதல் மூணு நாள் அவன் ஓடி வந்தான். அப்புறம் எழுந்து நின்னு மட்டும் பார்த்தான். ஒரு வாரத்துல எழுந்துக்கறதையும் விட்டுட்டான். கூம்பைச் சுவர் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டுப் படுத்திருப்பான். காயம் ஆற ஆரம்பிச்சிருந்தது, அது உண்மை. சாப்பாட்டைத்தான் பாதியில வச்சான்.

அம்மாதான் முதல்ல உடைஞ்சாங்க. "ஏன்டா, கடிச்சதுக்குத்தான் யாரும் பேசலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கும்டா அது." எனக்கு அது தோணவே இல்லை. வால், கட்டு, காஸ்னு இருந்துட்டேன். கடிச்ச அன்னிக்குக் காலையில இருந்து அவனுக்கு வீட்டுல யாருமே முகம் கொடுக்கலை. அவன் கணக்குல வேற என்ன காரணம் இருக்க முடியும்?

வழி கண்டுபிடிச்சது என் பொண்ணு. "அப்பா, அவன் ஆட்டறதால அடிபடலை, சுவர் இருக்கறதாலதானே அடிபடுது?" அன்னிக்கு சாயங்காலமே அமல். வர்றவங்க நடையில வாயைத் திறக்காம சங்கிலியை மாட்டி, இன்னொருத்தர் தேர்வடம் பிடிக்கிற பவ்யத்தோட வாலைத் தூக்கிப் பிடிச்சு, வெளிப்படி வழியா மொட்டை மாடிக்கு. நட்ட நடு மாடியில நின்னு, அப்புறம்தான் "டேய் போண்டா!" சுத்தி ஆறடிக்கு ஒண்ணும் கிடையாது. ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவான். பக்கத்து வீட்டு மாமா துணி காயப்போட வந்தவர், ஆபீஸ் பையோட மாடி நடுவுல நின்னு நாயைக் கொஞ்சிக்கிட்டிருந்த என்னைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்காம இறங்கிப் போயிட்டார்.

அந்த ஞாயித்துக்கிழமை அதே மாமா வீட்டுக்கு ஏசி சர்வீஸ் பண்ண வந்த தம்பி கையில கறுப்பா ஸ்பாஞ்சு குழாய் ஒண்ணு. செப்புக் குழாய்க்கு மேல போடற இன்சுலேஷன் டியூப். எடை ஒண்ணுமே இல்லை, உள்ளே காத்து போக ஓட்டை போட்டுக்கலாம். அஞ்சு அடி வாங்கிக்கிட்டேன். "எதுக்கு சார்?" "நாய் வாலுக்கு." ஒரு நிமிஷம் பார்த்துட்டு "அப்ப பெரிய சைஸ் எடுத்துக்கங்க சார், டைட்டா இருக்கக்கூடாது"ன்னார். இவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை பாருங்க. அரை அடி வெட்டி, கட்டு மேல தொளதொளன்னு மாட்டி, மேல்பக்கம் டேப்பால முடியோட ஒட்டினோம். தெரியாத்தனமா எங்கேயாவது அடிச்சாலும் "பொத்"துனு சத்தம், அவ்வளவுதான்.

இருபத்தி நாலாவது நாள் கட்டைப் பிரிச்சு முழுசா விட்டாச்சு. நுனியில அரை இஞ்சுக்கு முடி இன்னும் வரலை, இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ரப்பர் பேண்டு இருந்த இடத்துல மோதிரம் மாதிரி ஒரு தழும்பு. தடவும்போது விரல்ல தட்டும்.

பொங்கலுக்கு நடைக்கு வெள்ளையடிச்சோம். மிச்சமிருந்த டியூபைக் கத்தியால நீளவாக்குல கீறி, கிரில் கேட்டு விளிம்புக்கும் நடையில ரெண்டு மூலைக்கும், அவன் வால் உயரத்துக்கு ஒட்டி வச்சிருக்கோம். வர்றவங்க எல்லாம் ஏசி எங்கே மாட்டப் போறீங்கன்னு கேக்கறாங்க.