கலயத்துச் சுண்ணாம்பு

'டிரை ஒயின்' என்கிறார்களே, திரவம் எப்படி உலர்ந்து போகும்? இந்தச் சந்தேகம் எனக்குப் பல வருஷமாக உண்டு. கோடியக்கரையில் ஒரு பனைமரத்தடியில்தான் அது தீர்ந்தது.

பூநாரை பார்க்கப் போயிருந்தேன். மார்ச் கடைசி. பறவைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருந்தன. உப்பளமும் வெயிலும்தான் மிச்சம். ஊருக்கு வெளியே, மரத்திலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். கலயத்தின் உட்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கிளிஞ்சல் சுண்ணாம்பு சார். இது தடவலேன்னா மத்தியானத்துக்குள்ள நுரைச்சுப் போயிடும். அப்புறம் அதுக்குப் பேரு வேற!" என்று சிரித்தார். "எம்பத்தாறுல கடைசியா எறக்குனது. அதோட சரி."

அந்த வேறு பேர் உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை.

பாளையைச் சீவினால் சொட்டும் சாறு தித்திப்பு. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. நுரை அதனால்தான். சர்க்கரை தீரத் தீரத் தித்திப்பும் போய்விடும். ஒயின்காரர்கள் 'டிரை' என்பது இதைத்தான். ஈரம் போனதல்ல, இனிப்பு போனது! சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்டுக்குப் பசி எடுப்பதில்லை. பதநீர் பதநீராகவே இருக்கிறது.

அன்று சாயங்காலம் காரைக்காலில் நண்பர் வீடு. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இல்லையா, அவர் சொந்தத்தில் பாதிப் பேர் பிரான்ஸில். அங்கிருந்து வந்த ஷாம்பெயின் ஒன்றைத் திறந்தார். லேபிளில் 'ப்ரூட்' என்று போட்டிருந்தது. லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை என்று அர்த்தம். நாம் குடிக்கிற கோலாவில் 100 கிராம் இருக்கும்.

முதல் மடக்கு பிடிக்கவில்லை. ஒரே புளிப்பு. "உடனே முழுங்காதீங்க, கொஞ்சம் வாயில வெச்சிருங்க" என்றார். அப்படியே செய்தேன். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கடைசியில் சுட்ட ரொட்டி வாசனை! ரொட்டி வாசனை செத்துப்போன ஈஸ்டின் உபயம். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விட்டு, குறைந்தது 15 மாதம் வைத்திருக்கிறார்கள்.

ஷாம்பெயின் என்பது வடகிழக்கு பிரான்ஸில் ஒரு பிரதேசம். 7 கோடி வருஷத்துக்கு முன் அது கடல். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாகிவிட்டது. மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு திராட்சை வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதே பாறையைக் குடைந்த நிலவறைகளில்தான் பாட்டில்கள் தூங்குகின்றன. 2015-ல் யுனெஸ்கோ அந்த மலைச்சரிவுகளையும் நிலவறைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

நண்பர் இதைச் சொல்லச் சொல்ல, எனக்குக் காலையில் பார்த்த கலயம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் கடலின் ஓடு, இங்கேயும் கடலின் ஓடு. அங்கே சுண்ணாம்பு நுரையை வளர்க்கிறது. இங்கே நிறுத்துகிறது.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களே நுரையை ஒரு குறையாகத்தான் நினைத்தார்கள். பாட்டில்கள் வெடித்தன. தூக்கி எறியாமல், அதற்குத் தகுந்த மாதிரி கெட்டியான பாட்டில் செய்துகொண்டார்கள்.

நான் குடிக்கு வக்கீல் இல்லை. குடியால் கெட்ட வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், ஒரு மண்ணின் ருசி தெரிய வேண்டுமானால் இனிப்பு கொஞ்சம் விலக வேண்டும் என்று அன்று புரிந்தது.

காரைக்காலில் கள்ளுக்குத் தடை இல்லை. மறுநாள் காலை ஒரு கிளாஸ் வாங்கி, உடனே முழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டேன். வெள்ளை நிறம், சுறுசுறுவென்று நுரை, லேசான புளிப்பு, அடியில் நுங்கு வாசனை. கடைசியில் துளி உப்புகூட. அது பனையின் உப்பா, கடற்காற்றின் பிரமையா, சொல்லத் தெரியவில்லை.

கோடியக்கரைப் பெரியவருக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று நண்பரைக் கேட்டேன்.

"தாராளமா. ஆனா, வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினா கேஸு" என்றார்.