குரோஸ் கணக்கு தெரிந்த அம்மாக்களுக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கும், அவ்வப்போது வந்துபோன அப்பாக்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும்,

என் பணிநிறைவு விழாவில் ஏற்புரைக்கு என் கையில் மைக் வந்தபோது, இலை போட்டாயிற்று என்று ஆள் வந்துவிட்டது. சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும்போது நின்று நன்றி சொல்வது நம் ஊரில் செல்லாது. அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன். பத்திரிகையில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளிக்குப் பெற்றோர் செய்த உதவி என்று பேச்சு வந்தால் பெயின்ட் அடித்துக் கொடுத்தவர், பெஞ்ச் வாங்கிக் கொடுத்தவர் என்று பணம் செலவழித்தவர்களின் பெயர்தான் அச்சில் வருகிறது. உங்களில் பலருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் கொடுத்தது எந்த ரசீதிலும் ஏறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பொருளாக வந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பரம்பரைப் பழக்கம். காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலாவே பிடி அரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம்தான். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து அதற்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்து 1956-ல் தொடங்கிய மதிய உணவும், ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்தையும் காசையும் நம்பித்தான் நடந்தது. 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனார். ஜனங்கள் கரும்பலகை, மேசை, கட்டடம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். இப்போது அதற்குக் கல்விச் சீர் என்று பெயர். நம் ஊரில் சீர் வந்த அன்று மேளதாளத்தோடு தாம்பாளத்தில் ஏழு சுவர்க்கடிகாரங்கள் வந்தன. நமக்கு இருந்தது இரண்டு வகுப்பறை. சமையற்கூடம் வரைக்கும் மாட்டியும் மூன்று மிச்சம். யார் மனமும் கோணக்கூடாதே என்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மாட்டினேன். உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

சரி, கடிகாரம் போகட்டும்.

எனக்கு மழைநாள் என்றால் உங்கள் நினைவுதான் வரும். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குப் பயர் ஆபீஸ், மீதிக்குத் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு ஆலையைத்தான் இங்கே பயர் ஆபீஸ் என்பார்கள். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் இறக்கிவிடும். எத்தனை உருப்படி முடித்தோமோ அத்தனைக்குத்தான் கூலி. மழை பிடித்தால் மருந்து காயாது, வேலையும் கிடையாது. மற்ற ஊர்களில் மழை என்றால் பள்ளிக்கூடத்தில் வருகை குறையும். எங்கள் பள்ளியில் பிள்ளைகளோடு அம்மாக்களும் சேர்ந்து வந்தார்கள். தீபாவளி முடிந்து ஆலைகளைப் பூட்டிப்போடும் வாரங்களிலும் அப்படித்தான். 2018 அக்டோபரில் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வீட்டில் அடுப்பெரிவதே சிரமமாக இருந்த சிலர் மத்தியானம் முழுக்க வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குப் படம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். கூலி இல்லாத நாள் உங்களுக்கு வெறும் ஓய்வு நாள் இல்லை, கவலை நாள். அந்த நாளைத்தான் பள்ளிக்குக் கொடுத்தீர்கள்.

உங்களில் சிலருக்கு வகுப்பறைக்குள் உட்கார்வதே புதிது. 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் பிள்ளைகளாக இருந்தவர்கள் உங்களில் பலர். விடிவதற்கு முன் தூக்கக் கலக்கத்தோடு தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிய கதைகளை, வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து அட்டை ஒட்டிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னீர்கள். உங்களைக் கோட்டைவிட்ட பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வந்து வேலை செய்தீர்கள். அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். பின்வரிசையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "டீச்சர், நான் ஒண்ணு செய்யட்டா?" என்று கேட்டார். மறுநாள் ஒரு சாக்கில் காலித் தீப்பெட்டிகள் வந்து இறங்கின. தரையில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பெட்டி, அப்படிப் பன்னிரண்டு வரிசை. கோடு போட்டதுபோல் ஒரு சதுரம்.

"இது ஒரு குரோஸ். எம்புட்டு இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் ஒன்று ஒன்றாக எண்ணத் தொடங்கினார்கள். அவர் விடவில்லை. முதல் வரிசையை மட்டும் எண்ணவைத்தார். இரண்டு வரிசையைச் சேர்த்து ஒதுக்கி, இருபத்தி நாலு. நாலு வரிசை, நாப்பத்தெட்டு. அதைப்போல இன்னும் ரெண்டு மடங்கு. "நூத்தி நாப்பத்தி நாலு!" என்று கத்தினான் ஒரு பையன். அரை குரோஸ் எவ்வளவு, கால் குரோஸ் எவ்வளவு என்று சதுரத்தைக் கையாலேயே பிரித்துக் காட்டினார். பாடப்புத்தகத்தில் பின்னத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை. அவர் அதையும் முடித்துவிட்டார்.

"அத்தை, உங்களுக்கு எப்படி இவ்வளவு வேகமா வருது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கணக்குல ஏமாந்தா கூலி போயிரும்ல."

அந்த அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், கற்றல் துணைக்கருவிகள் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஒரு சாக்குக் காலிப்பெட்டியில் பெருக்கல், பின்னம், பரப்பளவு மூன்றையும் ஒரே பாடவேளையில் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததும் வேலை பன்மடங்காயிற்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக அட்டைகள், முகமூடிகள், விரல் பொம்மைகள். இரண்டு ஆசிரியர்கள் இரவெல்லாம் உட்கார்ந்தாலும் தீராது. பெட்டி ஒட்டிப் பழகிய உங்கள் கைகளுக்கு அது ஒரு மத்தியான வேலை. மூலை மடங்காமல், பசை வெளியே வழியாமல் நீங்கள் செய்த எழுத்தட்டைகளைப் பார்வைக்கு வந்தவர்கள் கடையில் வாங்கியது என்றே நினைத்தார்கள். நானும் ஒருமுறை மறுக்காமல் சிரித்துவைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. ஒரு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குட்டிப்பெண், அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம் வளர்ந்தவள், வீட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச மாட்டாள். எனக்குத் தெரிந்த தெலுங்கு, சாப்பிட்டாயா என்பதோடு முடிந்துவிடும். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அதைப் பார்த்த, நாலாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் வேலைக்குப் போகாமல் இரண்டு வாரம்போல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாடம் எதுவும் சொல்லித்தரவில்லை. மணியடித்தால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவார், நான் சொல்வதை அவள் காதில் தெலுங்கில் சொல்வார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அந்தச் சின்னவள் விடுவிடுவென்று என் மேசைக்கு வந்து, "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்றாள். பிராது கொடுக்க வந்துவிட்டால் அது நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த அம்மா மறுநாள் வேனில் ஏறிவிட்டார். அவர் இழந்த கூலியை யாரும் கணக்குப் பார்க்கவில்லை, நான் உட்பட. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தபோது, வேனுக்கு ஓடும் அம்மாக்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சமைத்தவரும் நம் பள்ளிப் பிள்ளையின் அம்மாதான். புதன்கிழமைப் பொங்கலில் மிளகு கூடிப்போயிற்று என்று ருசி பார்த்த அம்மா சொல்ல, சமைத்த அம்மா முறைக்க, நடுவில் நான் நின்ற காலைகளுக்கும் நன்றி.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருந்த அம்மாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, இருபது பேரில் பதினைந்து பேர் உங்களிலிருந்து வந்தீர்கள். காகிதத்தில் குழு இருப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கும். பதிவேட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதும் நடக்கும். நம் தலைவி அந்த வழிக்கு வரவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு மேல், நூறுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். வங்கிக் கணக்கில் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். ஒவ்வொரு காசோலைக்கும் அவர் ரசீதைக் கேட்டார். குழாய் மாற்றியதற்கு எழுதிய தொகையைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் இதே குழாயைக் கம்மியா வாங்குனாரே டீச்சர்" என்றார். கடைக்காரரிடம் போய்க் குறைத்துக்கொண்டும் வந்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் எங்கள் கோப்பை மூடிவைத்துவிட்டு டீ கேட்டார்கள் என்றால் அந்தப் பெருமை அவருக்கு. கேள்வி கேட்டால் டீச்சர் என்ன நினைப்பாரோ என்று தயங்காமல் கேட்டதற்குத்தான் இந்த நன்றி. பாராட்டு மடல் எனக்கு நிறைய வந்தது. கேள்வி கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டம். எண்ணிக்கைக்கு அது சரி. ஐந்து வகுப்பு என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். அந்த நாட்களில் நீங்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தீர்கள். கதை சொன்னீர்கள், சண்டை தீர்த்தீர்கள், மூக்கு துடைத்துவிட்டீர்கள். ஆனால் கிராம சபையில் தலைவி எழுந்து சொன்னது எனக்கு இப்போதும் மனப்பாடம்: "டீச்சர் பயிற்சிக்குப் போனா நாங்க வந்து உக்காந்துக்கிடுவோம். அதுக்காக, அதான் அம்மாமாரு இருக்காகளேன்னு டீச்சர் போடாம விட்டுரக் கூடாது." பெற்றோர் பங்களிப்பு என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்கவேண்டும். உதவிக்கு வருகிறவர்களை வைத்தே ஓட்டைகளை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். மூன்றாவது ஆசிரியருக்கான தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது. ஆசிரியர் இன்னும் வரவில்லை.

அப்பாக்களை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்ட இருவருக்கும், டிராக்டரில் மண் கொண்டுவந்து மழைத்தண்ணீர் தேங்கிய முற்றத்தை மேடாக்கியவருக்கும் நன்றி. மற்றவர்கள் கூட்டத்தன்று வாசல் வரை வந்து, பைக்கிலிருந்து இறங்காமலே "எல்லாம் நல்லா நடக்குதா டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். கேட்டதற்கும் நன்றி. இனிமேல் இறங்கி உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது. சீரில் வந்ததுதான்.

புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியரிடம் குழுவின் பதிவேடு, வங்கிப் புத்தகம், ரசீதுக் கோப்பு மூன்றையும் கொடுத்துவிட்டேன். அவரும் கேள்விக்குப் பயப்படுகிறவர் இல்லை என்றே தோன்றுகிறது, கேட்டுப் பாருங்கள். 2024-ல் குழுவை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்திருக்கிறது. நம் பள்ளியில் படித்துவிட்டு இப்போது சாத்தூரில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் சும்மாதானே கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள். சுற்றுச்சுவரின் கிழக்குப் பக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது. அடுத்த கிராம சபைக்கு மனு எழுதிவைத்திருக்கிறேன், தேதி மட்டும் போட்டுக்கொள்ளவேண்டும். அப்புறம், வெள்ளிக்கிழமைக் கூட்டம் மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்கு. இத்தனை வருடம் மூன்றரைக்குத்தான் வந்தீர்கள், நானும் மூன்றே முக்காலுக்குத்தான் ஆரம்பித்தேன். புது டீச்சர் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நாலரை வண்டியை விட்டால் அவருக்கு ஆறு மணி வரை பஸ் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்