கிளென்மார்கனில் கேட்ட வரிக் கணக்கு

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே பிரிந்தால், எல்லாமாகச் சுமார் 20 கிலோமீட்டரில் கிளென்மார்கன். போகிற வழியெல்லாம் தேயிலை, நடுநடுவே சோலைக்காடு. மலை விளிம்பில் நின்றால் கீழே முதுமலைக் காடு பச்சைக் கம்பளமாகத் தெரியும். பனி மூட்டம் மனசு வைத்தால்தான்! இங்கிருந்து பெரிய குழாய்களில் தண்ணீர் சிங்காராவுக்கு இறங்குகிறது. அங்கேயுள்ள பைக்காரா மின் நிலையம் 1932-ல் தொடங்கியது. குழாயை ஒட்டி மின்வாரியத்தின் விஞ்சும் உண்டு. நினைத்த மாத்திரத்தில் ஏறிவிட முடியாது, அனுமதி வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் குல்லா, ஸ்வெட்டர், பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள்.

என் நாத்தனார் அங்கே இருப்பதால் எனக்கு அடுப்படியிலேயே சூடாக டீ கிடைத்தது. கூடவே அவள் கவலையும். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவள் கல்யாணத்துக்கு முன்பே அவள் பெயரில் போட்ட டெபாசிட் இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. போன மாதம் அந்த நாட்டு வரி இலாகாவிலிருந்து, வெளிநாட்டு வருமானம் உண்டா என்று கேட்டுக் கடிதம் வந்ததாம்.

"அண்ணி, நம்ம ஊர் வட்டிக்கு அவங்க எதுக்கு வரி கேக்கறாங்க? கேஸ் கீஸ் ஆயிடுமோ?"

நியாயமான கேள்விதான். அன்று இரவு அந்தப் பெண்ணே போனில், "பயப்படாதீங்க அத்தை" என்று எனக்கு விளக்கினாள். ஒருவர் அங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவர் ஆகிவிட்டால், உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் கணக்கில் சேருமாம். 2017 முதல் இரண்டு நாடுகளும் பாங்க் விவரங்களைத் தாங்களாகவே பரிமாறிக்கொள்கின்றன. ஒளிக்க வழியில்லை, ஒளிக்க அவசியமும் இல்லை. சம்பளத்தில் வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி கிடையாது. அடிப்படை விகிதத்தில் வரி கட்டுகிறவர்களுக்கு, வட்டியில் 1,000 பவுண்டு வரை வரி விழாது.

2025 ஏப்ரல் 6 முதல், புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு முதல் 4 வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு கேட்கலாமாம். ஆஹா என்றேன். "அதைக் கேட்டா அந்த 12,570 சலுகை போயிடும் அத்தை" என்றாள். பத்து ரூபாய் தள்ளுபடிக்கு நூறு ரூபாய் புடவையை விடுகிற கதை! அவளுக்கு அது வேண்டாம்.

இங்கே செய்ய வேண்டியதுதான் நாத்தனாருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறினால் சாதாரணக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். அதன் வட்டியில் பாங்க் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்கும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் அங்கே குடியிருப்பதற்கான வரிச் சான்றிதழைக் கொடுத்தால்தான். கொடுக்காமல் கூடுதலாகப் பிடித்ததை அந்த நாடு கழித்துக்கொள்ளாது. இங்கே ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அங்கே அதுவும் கணக்கில் வரும்.

இன்னொரு வேடிக்கை. நம் கணக்கு வருஷம் மார்ச் 31-ல் முடியும், அவர்களுடையது ஏப்ரல் 5-ல். அதனால் பாங்க் தரும் வருஷ வட்டிச் சீட்டு மட்டும் போதாது, எந்தத் தேதியில் எவ்வளவு வட்டி வந்தது என்ற விவரம் வேண்டும். அங்கே ஆன்லைனில் கணக்குக் காட்டக் கடைசி நாள் ஜனவரி 31.

மறுநாள் காலையில் நாத்தனார் பாஸ்புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, என்னோடு உதகை பஸ்ஸில் ஏறினாள்.