கயிறு பிடித்தவர்

கெடு என்னும் சொல்லை நம் மக்கள் அச்சத்தோடுதான் உச்சரிக்கிறார்கள். கடன் கொடுத்தவர் கெடு வைத்தார் என்போம். நீதிமன்றம் கெடு விதித்தது என்போம். கெடுதலும் கெடுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே காதில் விழுகின்றன. ஆயின், கெடு இல்லாத தொழில் எது? உப்பளத்துக்கு வடகிழக்குப் பருவமழை கெடு. உழவனுக்கு வாய்க்காலில் வரும் கடைசித் தண்ணீர் கெடு. கடலடியில் முத்துச் சிப்பி தேடுபவனுக்கோ அவனுடைய மூச்சே கெடு. இந்த மூச்சின் கெடுவைப் பற்றி ஒரு சிறிய சித்திரப் படம் எடுக்கப் புகுந்து, இன்னொரு கெடுவுக்குள் நாங்கள் அகப்பட்டுக்கொண்ட வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நாங்கள் ஐவர். சென்னைக் கல்லூரி ஒன்றில் அசைவுச் சித்திரக் கலை, அதாவது அனிமேஷன், பயின்றவர்கள். மூவர் காயல்பட்டினத்தார், ஒருவர் ஆறுமுகநேரி, ஒருவர் சாகுபுரம். இறுதியாண்டில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படத்தை முடித்துக் கொடுக்கவேண்டும். குறித்த நாளில் கொடுத்தால்தான் பட்டம். ஆகவே விடுமுறையில் ஊர் திரும்பியதும், சாகுபுரத்து வீடு ஒன்றின் முன்கூடத்தை எங்கள் பட்டறையாக்கிக்கொண்டோம்.

சாகுபுரம் பழைய ஊரன்று. 1950களின் இறுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் ஆலையோடு தோன்றிய குடியிருப்பு அது. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலை. அதைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். இரவில் வேலை செய்து களைத்து வெளியே வந்தால், நிலவொளியில் உப்புக் குவியல்கள் வெள்ளைக் கூடாரங்கள் போல நிற்கும். கிழக்கே சிறிது தூரத்தில் கடல். புதிய ஊர் என்றாலும் அது நிற்கும் கரை மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் விரிவாக எழுதிச் சென்றிருக்கிறார். பரதவரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக மூழ்கிய கடல் இது. தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். தொளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. இந்தப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. அதன்பின் அத்தகைய சலாபம் கூடவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். முத்து மீண்டது, மூழ்குபவன் மீளவில்லை.

அந்தக் கடைசி ஆண்டில் கடலில் இறங்கிய ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். எங்களில் ஒருவரின் உம்மாவைப் பெற்றவர். எங்கள் வீட்டு வழக்கில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்போம். ஐவருக்கும் அவர் அப்பாவானார். 1961இல் அவருக்கு வயது இருபது. காட்சிகளைத் தீட்டுமுன் பல மாலைப் பொழுதுகள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டோம். குளிப்பவன் தலைகீழாகப் பாய்வதில்லை. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, நின்ற வாக்கில் இறங்குவான். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவான். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். இவன் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைப்பான். அவ்வளவுதான், ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம்.

"அவ்வளவு நேரம் மூச்சை நம்பியா முங்குனீங்க அப்பா?" என்று கேட்டோம்.

"மூச்சை நம்பி எவன் முங்குவான்? கயித்தை நம்பித்தான் முங்குறது. அதான் கயித்தை மச்சான் கையிலே குடுக்கிறது. தங்கச்சி கண்ணைக் கசக்க எந்தக் காக்கா சம்மதிப்பான்?" என்றார்.

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டோம். அச்சொல்லின் முழுப் பொருள் பின்னரே எங்களுக்கு விளங்கியது.

சித்திரப் படம் எவ்வாறு அசைகிறது என்பதை அறியாத நேயர்களுக்கு ஒரு சிறு கணக்கு. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்தினாலும் கண் ஏமாறும். ஆகவே விநாடிக்கு 12 படங்கள் வரைந்தால் போதும். பிரெஞ்சுக்காரர் எமில் கோல் 1908இல் எடுத்த, இரண்டு நிமிடமும் நிறையாத படத்துக்கே ஏறத்தாழ 700 படங்கள் வரைந்தார். நாங்கள் எண்ணியிருந்ததோ 4 நிமிடப் படம். 240 விநாடி, 2,880 படங்கள். எங்கள் பாணி நிழலுருவம். தென்மாவட்டத் தோற்பாவைக் கூத்தின் நிழல்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளைக் கொண்டு, கத்தரித்த கரிய தாள்களாலேயே இளவரசர் அகமதுவின் படத்தை 1926இல் முடித்த ஜெர்மானியப் பெண்மணி லோத்தே ரைனிகரும் எங்கள் ஆசானாக இருந்தார். ஒளிமேசையில் தாள் வைத்துக் கரிய உருவத்தைக் கையால் தீட்டி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தோம்.

கதை மூன்று பகுதி: கடலில் மூழ்குதல், புயல், கரையில் ஏலம். நான்கு மாதங்கள் கழிந்தபோது கையில் இருந்தவை 840 படங்கள், 70 விநாடி. கெடுவுக்குப் பதினான்கு நாள். ஒலி சேர்க்க இரண்டு நாளை ஒதுக்கினால் வரைவதற்குப் பன்னிரண்டே நாள். மீதம் 2,040 படங்கள், நாளொன்றுக்கு 170. ஐவரும் உறக்கத்தை மறந்தாலும் ஆகாத காரியம்.

அன்றிரவு வாதம் மூண்டது. நால்வரின் எண்ணம்: புயலை விடுவோம், ஏலத்தை விடுவோம், ஒரே ஒரு மூழ்கல், ஒரு மூச்சின் நீளம், 90 விநாடி, அதோடு முடிப்போம். ஆனால் முடிந்த 840 படங்களில் 360 படங்கள் ஏலக் காட்சி. அத்தனையும் எங்களில் ஒருத்தி தனியாக வரைந்தவை. திறவாத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் கூறுவார்கள். உள்ளே முத்துண்டா இல்லையா என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அந்த முகங்களின் ஆசையையும் நடுக்கத்தையும் நிழலிலேயே காட்டியிருந்தாள். எங்கள் படங்களில் அவையே சிறந்தவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

"நல்லது எதுவோ அதை எறிந்துவிட்டு, முடிந்தது எதுவோ அதைக் கொடுப்பதா?" என்று கேட்டாள். அவள் எடுத்துக்காட்டியது ரிச்சர்டு வில்லியம்ஸ் என்னும் மேதையை. முல்லா நசுருதீன் கதைகளைப் படமாக்க எண்ணி 1964இல் தொடங்கியவர் அவர். பின்னர் கதை மாறி, திருடனும் செம்மானும் பற்றியதாயிற்று. பிற வேலைகளில் ஈட்டிய பொருளை இதில் கொட்டி, ஒவ்வோர் அசைவையும் செதுக்கினார். அவர் உருவாக்கிய காட்சிகளைக் கண்டு இன்றும் அத்துறையினர் வியக்கிறார்கள். "அவரைத்தானே எல்லோரும் ஆசான் என்கிறோம்?" என்றாள்.

மற்றவர்களுக்கும் விடை இருந்தது. அதே வில்லியம்ஸின் படத்தை, குறித்த காலத்தில் முடியவில்லை என்று 1992இல் அவர் கையிலிருந்து பறித்தார்கள். பிறர் வெட்டி ஒட்டி வெளியிட்டார்கள். ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பு, அவர் எண்ணிய வடிவில் நிறைவு பெறாமலே போயிற்று. 2019இல் அவர் மறைந்தார். இதற்கு எதிராக நிக் பார்க்கைச் சொன்னோம். அவர் எங்களைப் போல் ஒரு மாணவர். 1982இல் இங்கிலாந்தின் தேசியத் திரைப்படப் பள்ளியில், நிலாவுக்குப் பாலாடைக்கட்டி தேடிப் போகும் ஒரு மனிதனையும் அவனுடைய நாயையும் களிமண்ணில் பிசைந்து படமெடுக்கத் தொடங்கினார். படிப்புக் காலம் முடிந்தது, படம் முடியவில்லை. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் நிறுவனத்தார் 1985இல் அவருக்கு வேலையும் கொடுத்து, அந்தப் படத்தை முடிக்கவும் துணை நின்றார்கள். நிலாவில் நிகழ்வதாக முதலில் எண்ணியிருந்தவற்றில் பலவற்றைக் கைவிட்டார். 1989இல் 23 நிமிடப் படமாக அது வெளிவந்தது. உலகம் அறிந்த வாலசும் குரோமிட்டும் அப்படிப் பிறந்தவர்களே.

வாதத்தில் நால்வர் வென்றோம். அவள் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளில் எங்கள் அறிவும் வெளிப்பட்டது. எந்தத் தாள் எந்தக் காட்சிக்குரியது என்று தெரியவில்லை. ஒருவர் ஒரு குமிழியின் வளைவை மாலைவரை திருத்திக்கொண்டிருந்தார். ஆளுக்குப் பத்துப் படம் என்பது கணக்கு. முடிந்ததோ நால்வருக்குமாக இருபத்தொன்று.

மூன்றாம் நாள் காலை அவள் நீளமான கணக்கு நோட்டு ஒன்றோடு வந்தாள். "என் காட்சியை எடுத்ததற்கு நான் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஆனால், நீங்கள் மீதியையும் முடிக்கப்போவதில்லை என்பது தெரிகிறது. கணக்கை என்னிடம் கொடுங்கள்" என்றாள். கொடுத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் காலம் அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டாள். எந்த அசைவை முழுதாக வரையவேண்டும், எதை ஒரே படத்தில் நிறுத்திவிடலாம், எந்த அலையை மீண்டும் மீண்டும் ஓட்டலாம் என்று பட்டியலிட்டாள். குறித்த நேரம் வந்ததும், "போதும், தாளை வை" என்பாள். இன்னும் ஒரு கோடு என்று கெஞ்சினால் தாளை உருவிக்கொள்வாள். கடுமையாக இருந்தது, சில வேளை கோபமும் வந்தது. ஆனால் வரைபவனுக்குத் தன் மூச்சு எவ்வளவு மீதமிருக்கிறது என்பது தெரிவதில்லை. அடியில் கிடக்கும் சிப்பி ஒவ்வொன்றும் அவனை இன்னும் ஒரு கணம் நிற்கச் சொல்கிறது. அவன் நிற்பான்; அவனுடைய ஆசையின் இயல்பு அது. மேலே ஒருவர், அவன் ஆசையில் பங்கு கொள்ளாமல், அவன் உயிரில் மட்டும் அக்கறை கொண்டு, கயிற்றைக் கணித்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்பா சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. வில்லியம்ஸுக்குக் கயிறு இழுத்தவர்கள் அவருக்கு மைத்துனர் முறையினர் அல்லர். பணத்துக்கு ஈடு நின்றவர்கள். பார்க்குக்குக் கயிறு பிடித்தவர்களோ அவரும் பிழைக்கவேண்டும், படமும் பிழைக்கவேண்டும் என்று எண்ணியவர்கள். கெடு ஒன்றே, பிடிக்கும் கை வேறு.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் மூன்று விநாடி கேட்டாள். 36 படங்கள். "ஏலம் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் முத்துக்குளிப்பு அழகானது என்று மட்டும் எண்ணிக்கொண்டு எழுந்து போவார்கள். அது உண்மையில்லை" என்றாள். மறுக்க எங்களுக்கு வாயில்லை. சலாபத்தின் வழக்கம், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளித்தவர்களுக்கு என்பது. அவள் வரைந்தது இவ்வளவே: கரையில் ஈரக் கால்கள், வலைப்பை கவிழ்கிறது, சிப்பிகள் மூன்று குவியலாகின்றன, ஒரு கை வந்து இரண்டைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. 360 படங்களில் சொன்னதைப் பத்தில் ஒரு பங்கில் சொல்லிவிட்டாள். அந்த ஏலக் கூட்டத்தின் முகங்கள் போனது போனதுதான், அவற்றுக்கு ஈடில்லை. ஆயினும் உண்மை படத்தை விட்டுப் போகவில்லை.

கெடு நாளின் முன்னிரவில் படம் முடிந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்புரை மறைத்த விழிகளைத் திரையருகே கொண்டுசென்று இருமுறை பார்த்தார். மூழ்குபவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கயிறு மேலே போகும் இடத்தில் விரலை வைத்து, "இழுப்பு சரியா இருக்கு" என்றார். மூன்று குவியல் வந்தபோது, "ஆமா, இப்படித்தான்" என்று தலையசைத்தார்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. படம் ஏற்கப்பட்டது, ஐவரும் பட்டம் பெற்றோம். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வரைந்தவர்கள் ஐவர் என்று போட்டோம். அவள் செய்த மற்ற வேலைக்கு என்ன பெயரிடுவது என்று யோசித்தோம். தயாரிப்பு மேற்பார்வை என்றார் ஒருவர். அது எவர்க்கும் பொருந்தவில்லை. கடைசியில் 'கயிறு பிடித்தவர்' என்று எழுதி அவள் பெயரை இட்டோம். ஏலக் காட்சியின் 360 தாள்களை அவள் இன்னும் எறியவில்லை. அவற்றைத் தனிப் படமாக முடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் மூழ்கவேண்டிய முறை. யார் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மேலே நிற்பது என்று நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.