காம்பைப் பார்த்து மரம் சொல்பவர்கள்

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கு வருகிறவர்கள், தேயிலைச் சரிவுகளைக் கண்டதும் "எவ்வளவு பசுமை!" என்று வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அது ஒற்றைச் செடியின் பசுமை. 1890-களில் தோட்டம் போடத் தொடங்கியபோது அங்கே நின்றது மழைக்காடு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியில் அந்தக் காட்டின் மிச்சம் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகத் தேயிலைக்கும் காப்பிக்கும் ஏலத்துக்கும் நடுவே கிடக்கிறது. சில துண்டுகள் ஓர் ஏக்கர்கூடத் தேறாது. ஆனாலும் சோலைமந்தியும் இருவாச்சியும் யானையும் இன்னும் அவற்றை விட்டுவிடவில்லை.

இந்தத் துண்டுகளைத் திரும்பக் காடாக்கும் வேலையை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்ட நிறுவனங்களோடு பேசித் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்க்கப் போனது அந்த வேலையின் கைகளை. நாற்றங்காலில் பை நிரப்புகிறவர்கள், களை பறிக்கிறவர்கள், அவர்களோடு சில மாதங்கள் தங்கிக் கற்றுக்கொள்ள வரும் தன்னார்வலர்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு போனேன், ஏனென்றால் நடவு அப்போதுதான்.

வால்பாறை மழை பெய்து ஓய்கிற மழை அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி பருவமழையின் நான்கு மாதங்களுக்குள். துணி காயாது. செருப்பின் வாரில் பூஞ்சை பிடிக்கும். விடியுமுன் ஓடையோரத்திலிருந்து சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கத் தொடங்கும்போது தன்னார்வலர்கள் எழுந்து கட்டன் சாயா போடுகிறார்கள். முந்தைய நாள் நனைந்த கால்சட்டையை அடுப்படியில் காயவைத்து, பாதி ஈரத்தோடே மாட்டிக்கொள்கிறார்கள். முழங்கால்வரை அட்டைக்கடியைத் தடுக்கும் உறை, அதன்மேல் புகையிலைத் தூள். அன்றைக்கு யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்காமல் யாரும் காட்டுத் துண்டுக்குள் கால் வைப்பதில்லை. குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் யானை இருக்கும் இடத்தைத் தோட்ட மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு, அதே ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரின் முயற்சியால் இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. அது வந்த பிறகு நடவுக் குழுவுக்கும் நிம்மதி.

நாற்றங்காலுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது அதன் ஒழுங்கின்மை. வனத்துறை நாற்றங்கால்களில் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கும் தேக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. ஒரு பாத்தியில் விரல் நீளம், பக்கத்துப் பாத்தியில் இடுப்பளவு. ஒரு மூலையில் வெறும் மணல், அதற்குள் எதுவும் தெரியவில்லை. நூற்றைம்பதுக்கும் அதிகமான உள்ளூர் மர, கொடி இனங்களை இங்கே முளைக்க வைத்திருக்கிறார்கள். வெடிப்பலா, பாலி, நாங்கு, கருங்குங்கிலியம், அயனி, நாவலில் மட்டும் பல வகை. இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முளைப்பிக்கும் முறையை, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, அழுகவிட்டு, மறுபடி போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு நெறி இருக்கிறது. காட்டுக்குள் போய் விதை பொறுக்குவதில்லை. காட்டு விதை காட்டுக்குச் சொந்தம். காட்டை ஒட்டிய சாலையோரங்களில் விழுந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கவோ வெயிலில் காயவோ போகும் விதைகளைத்தான் எடுக்கிறார்கள். மரநாயின் எச்சத்தில் கிடைப்பதும் உண்டு. அதனால் தன்னார்வலர்களின் காலை பெரும்பாலும் தார்ச்சாலையில் குனிந்தபடிதான் கழிகிறது. காடர் சமூகத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் முன்னே நடந்தார். அவர் தரையைப் பார்க்கவே இல்லை, மேலே பார்த்தார். "இங்க இன்னும் விழல. அந்த வளைவுல இருக்கிற மரம் முந்தி விழும், அங்க போலாம்" என்றார். எந்த மரம் எப்போது காய்க்கும், எது ஓராண்டு விட்டு ஓராண்டு ஏமாற்றும் என்ற கணக்கெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. குங்கிலியம் எடுக்கப் போன தகப்பனோடு சிறுவயதில் சுற்றியதில் வந்த அறிவு அது. பட்டம் பெற்று வந்த பிள்ளைகள் அவர் பின்னால் குறிப்பேட்டோடு நடக்கிறார்கள். இப்படித்தான் நடக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

மழைக்காட்டு விதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல்லையும் உளுந்தையும் காயவைத்துக் குதிரில் போட்டு அடுத்த பட்டத்துக்கு எடுப்பதுபோல இவற்றை வைத்திருக்க முடியாது. ஈரக் காட்டில் விழுந்து உடனே முளைக்கப் பிறந்தவை. பாலி, வெடிப்பலா போன்றவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். எடுத்த சில நாட்களுக்குள் மணலில் ஊன்றியாக வேண்டும். கருங்குங்கிலியமோ கல் போன்ற ஓட்டுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். ருத்ராட்ச இன மரங்கள் அதற்கும் மேல். ஆகவே இங்கே அவசரமும் பொறுமையும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். மழையில் நனைந்து திரும்பிய மாலையிலும் விதையைச் சுத்தம் செய்து ஊன்றிவிட்டுத்தான் சாப்பாடு. "நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சா புழு பாத்துக்கும்" என்றார் பாத்தியில் இருந்த அக்கா.

அந்த அக்கா மணல் பாத்தியிலிருந்து நாற்றைப் பைக்கு மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையில் மூங்கில் சிம்பு ஒன்று. நாற்றின் தண்டை அவர் தொடுவதே இல்லை. சிம்பை ஒரு பக்கம் சாய்த்து விட்டு மணலை நெம்புகிறார், நாற்று தானே எழுகிறது. ஆணிவேரை விரல்மேல் கிடத்தி நீளம் பார்க்கிறார். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணி உரமும் கலந்து நிரப்பிய பையில், அந்த நீளத்துக்குச் சற்று அதிகமாகவே துளை போட்டு, நாற்றைத் துளையின் அடிவரை இறக்கி, பிறகு கொஞ்சம் மேலே தூக்குகிறார். வேர் மடங்கியிருந்தால் அந்தத் தூக்கலில் நேராகிவிடும். மடங்கிய வேரோடு நட்ட செடி இரண்டு வருஷம் நன்றாகத்தான் நிற்கும், பிறகு ஒரு காற்றில் சாயும் என்றார். கடைசியில் கட்டை விரலால் இரண்டு அழுத்து. பக்கத்தில் இருந்த தன்னார்வலப் பெண் அதையே பலமாகச் செய்தபோது, "பாப்பா, அமுக்காதே, தண்ணி ஊத்துனா மண்ணு தானா உக்காரும்" என்று அவள் கையை மெல்ல விலக்கினார். அந்தப் பெண் தாவரவியலில் முதுகலை முடித்தவள். முகம் கோணாமல், அடுத்த பையை எடுத்தாள்.

அக்காவின் பாட்டனும் பாட்டியும் சமவெளியிலிருந்து கங்காணி கூட்டிவந்தவர்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்ட தலைமுறை. அம்மா கொழுந்து பறித்தே ஓய்ந்தவர். இவரும் சில ஆண்டுகள் கொழுந்து எடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார். "அவங்க வெட்டுன மரத்துக்குப் பேரு தெரியுமோ என்னமோ. எனக்குத் தெரியும்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார், சொல்லட்டும். இந்த மலையில் காட்டை அழித்த கூலியும் அந்த மக்களுக்குக் கிடைத்தது குறைவு, பழி மட்டும் நிறைய. மீட்கும் வேலையிலாவது அவர்கள் பெயர் முன்னால் வர வேண்டும்.

நடவு ஜூன், ஜூலையில். பாத்தியில் ஓராண்டோ இரண்டாண்டோ வளர்ந்த செடிகளைக் கூடையில் அடுக்கி, சேற்றுச் சரிவில் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். ஓர் இடத்துக்கு ஒரே மரம் கிடையாது. எழுபது, எண்பது இனங்களைக் கலந்து நடுகிறார்கள். நிழல் விரும்பி எது, வெயில் தாங்குவது எது என்று பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். நடுவது எளிய பகுதி, கேமராக்களும் அந்த நாளில்தான் வரும். கடினமானது அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் களையெடுப்பு. அதில்தான் எனக்கு இந்தத் தொழிலின் நுட்பம் பிடிபட்டது.

சிதைந்த காட்டுத் துண்டுக்குள் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டியிருக்கும். மைக்கேனியா கொடி மரத்தின் தலைவரை ஏறிப் போர்த்தியிருக்கும். அரிவாளை வீசி எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டால் ஒரே நாளில் இடம் சுத்தம். அப்படிச் செய்தால் அந்தப் புதருக்கடியில் தானாக முளைத்து நிற்கும் காட்டுக் கன்றுகளும் போய்விடும். ஆகவே களையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சாண் உயரக் கன்றை வைத்து அது எந்த மரம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது முடியும்.

"இலையைப் பாக்காதீங்க தம்பி, எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். காம்பைப் பாருங்க" என்றார் குழுவின் மூத்த அண்ணன். ஒரு காம்பைக் கிள்ளினார், வெள்ளைப் பால் கசிந்தது. பாலி. இன்னொன்றின் இலையைத் திருப்பினார், அடிப்புறம் செம்பு தடவினதுபோல் மின்னியது. வெடிப்பலா. துளிர் ரத்தச் சிவப்பாக இருந்தது நாங்கு. கசக்கி முகரச் சொன்ன ஒன்று காட்டு இலவங்கம். நான்கைந்து அடிச் சதுரத்துக்குள் இத்தனை. அவை இருக்கின்றன என்பதே எனக்கு ஒரு நிமிடம் முன்புவரை தெரியாது. அவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பிறகுதான் அரிவாளை எடுத்தார்.

எல்லாக் களையும் இப்படித் தெளிவாக எதிரியாக இருப்பதில்லை. காப்பிக்கு நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குடைமரம் காட்டுத் துண்டுகளுக்குள் பரவிவிட்டது. ஆனால் அதன் பழத்தை இருவாச்சி தின்கிறது. ரொபஸ்டா காப்பிப் பழத்தை மரநாய் தின்று காட்டுக்குள் விதைக்கிறது. வெட்டுவதா, விடுவதா? தன்னார்வலர்கள் இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். காட்டு மரங்கள் வளர்ந்து பழம் கொடுக்கும்வரை சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், அவற்றின் கன்றுகளை மட்டும் அகற்றிவரலாம் என்பதே என் கட்சியும்.

நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. தொடக்க ஆண்டுகளில் ஒன்பது இடங்களில் 127 இனங்களின் நாற்றுகளை இரண்டாண்டு கண்காணித்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். சில இடங்களில் பத்தில் ஒன்பது பிழைத்தன, சில இடங்களில் மூன்றில் ஒன்றுதான். மேலே கொஞ்சமாவது மரநிழல் இருந்த இடத்தில் பிழைப்பு அதிகம். காட்டுமாடு மிதிக்கிறது, கோடையில் திறந்த வெளி காய்கிறது, களை திரும்ப மூடுகிறது. அதனால்தான் நட்ட இடத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட இடங்களைப் பல ஆண்டுகள் கழித்து, அப்படியே விடப்பட்ட பக்கத்துத் துண்டுகளோடு ஒப்பிட்டு அளந்தபோது, மரங்களும் இனங்களும் மரத்தில் சேர்ந்த கார்பனும் மீட்ட இடத்தில் அதிகமாக இருந்தன. பழைய நடவு ஒன்றுக்குள் என்னை அழைத்துப்போனார்கள். நடுப்பகலில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. காலடியில் தானாக விழுந்து முளைத்த கன்றுகள். அண்ணன் கிள்ளிப் பார்க்கவில்லை, எனக்கே ஒன்றிரண்டு தெரிந்தது.

ஒரே நாளில் இத்தனை லட்சம் மரம் என்று பதாகை கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கு யார் கூலி கொடுக்கிறீர்கள்? கைக்குக் கிடைத்த நாற்றையெல்லாம் மழைக்காட்டில் நட்டுவிட்டுப் போவது உதவி அல்ல, இன்னொரு தோட்டம் போடுவது. நன்கொடை கொடுப்பவர்கள் நடவு நாளுக்குக் கொடுக்காதீர்கள், நாற்றங்கால் ஆட்களின் மாதச் சம்பளத்துக்குக் கொடுங்கள். தன்னார்வலராகப் போக நினைக்கும் பிள்ளைகள் வெயில் காலத்தில் ஒரு வாரம் போய் வராதீர்கள். மழை மாதங்களில் போங்கள், ஒரு பருவம் முழுக்க இருங்கள், விதை பொறுக்குகிற அண்ணனையும் பாத்தியில் இருக்கும் அக்காவையும் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்கள், காட்டை ஒட்டிய சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டினாலே போதும். ஓரமாக யாராவது குனிந்து விதை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.