கீரிமலையில் மலை இல்லை

யாழ்ப்பாணத்தானுக்கு மலை என்றால் என்னவென்று தெரியாது. கீரிமலை என்று எங்களிடம் ஓர் ஊர் உண்டு. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, கோவில் இருக்கிறது. மலை மாத்திரம் இல்லை. அப்படிப்பட்ட தட்டை மண்ணில் ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் சைக்கிள் ஓடியவன் நான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத குடாநாட்டில் செய்தி சேகரிக்கப் போனதும் சைக்கிளில்தான். இரவில் அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கி பி.பி.சி. தமிழோசை கேட்டதும் உண்டு. ஆகவே சைக்கிளைப் பற்றி எனக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர ஏதுமில்லை என்ற எண்ணம், 64 வயதுவரை, எனக்குள் இருந்தது.

அந்த எண்ணத்தைக் கடந்த மாசி மாதம் அப்புத்தளையில் இறக்கிவைத்தேன்.

வன்கூவரில் இருந்து வந்திருந்த தங்கையின் மகன்தான் காரணம். அங்குள்ள காட்டு மலைகளில் சைக்கிள் இறக்குவதே அவனுக்கு வார இறுதி. மலையகத்தில் அதைச் செய்து பார்க்க வேண்டும், மாமாவும் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். இரண்டு மலைச் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து, ஒரு பட்டா லொறியில் ஏற்றி, தம்பேதென்ன தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் ஆசனத்துக்கு விடியலிலேயே போய்ச் சேர்ந்தோம். ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரம். தோமஸ் லிப்டன் அமர்ந்து தன் தேயிலையைப் பார்த்த இடம் என்பார்கள். இப்போது அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது. கீழே அவர் 1890இல் கட்டிய தொழிற்சாலை. தார் வீதியால் இறங்கினால் ஏழு கிலோமீற்றர். அவனோ தார் வீதியை விட்டு, கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினான்.

முதலில் அவன் செய்த காரியம் என்னைத் திடுக்கிட வைத்தது. இரண்டு சக்கரங்களிலும் காற்றைத் திறந்துவிட்டான். ஊரில் நாங்கள் டயரைக் கல்லுப்போல அடித்து வைத்திருப்போம். காற்றுக் குறைந்தால்தான் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்குமாம். பிறகு பாடம்: சீற்றில் இருக்கக் கூடாது, பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், சரிவில் உடம்பைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், பிரேக்கை ஒரு விரலால் மெல்லத் தொட வேண்டும்.

"மாமா, சில்லைப் பாக்காதையுங்கோ. தூரத்தைப் பாருங்கோ. பாக்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும்."

இந்த விளையாட்டின் கதையும் சுவையானது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய பாரச் சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். அவர்கள் 1976 முதல் போட்டி வைத்த பாதைக்கு 'ரீபக்' என்று பெயர். ஒருமுறை இறங்கியதும் பின்சில்லின் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் எரிந்துவிடும். திரும்பவும் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். இருபது வருடங்களில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. அதே இருபது வருடங்களில் எங்கள் சைக்கிள்கள் எதையெல்லாம் சுமந்தன என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை.

முதல் அரைக் கிலோமீற்றரில் என் கைகள் மரத்துப்போயின. ஒரு விரல் என்றான். நான் நான்கு விரல்களாலும் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தேன். உருண்டைக் கற்கள், தேயிலை வேர்கள், திடீரென்று நான்கைந்து படிகள். இடப்பக்கம் பள்ளம். கொழுந்துக் கூடையுடன் இருந்த பெண்ணொருவர் மேலே நின்று குரல் கொடுத்தார்.

"ஐயா, பாத்துப் போங்க! அங்கிட்டு கான் இருக்கு!"

தோட்டத்தில் மழைநீர் ஓட வெட்டிய வாய்க்காலைக் கான் என்பார்கள். 'கான் வெட்டு' என்ற சொல்லைச் செய்திகளில் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். 2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நடைபயணம் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்குச் சென்றபோது மேசையில் இருந்தபடியே பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். கான் எவ்வளவு ஆழம் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் கானையே பார்த்தேன். சைக்கிளும் கானுக்கே போனது. முன்சில்லு புதைய, நான் தலைகீழாகத் தேயிலைச் செடிக்குள்.

தேயிலைச் செடி மெத்தை அன்று. முழங்கை கிழிந்து இரத்தம். அந்தப் பெண் ஓடிவந்து தன் போத்தல் தண்ணீரால் கழுவிவிட்டு, "இந்த வயசுல என்னாத்துக்கு ஐயா?" என்று கேட்டுவிட்டு நிரைக்குத் திரும்பினார். பாதி நாள் பேருக்குக் குறையும் நிறைக்கு ஒரு நிமிடம்கூடப் பெரிது.

மருமகன் என்னருகில் குந்தியிருந்தான். அவனுடைய நாடியில் அந்தச் சிறு தழும்பு. முப்பது வருடங்களாக நான் பாராமல் தவிர்த்த தழும்பு.

1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. என் சைக்கிள் பாரில் ஆறு வயதுப் பிள்ளையாக இவன், கரியரில் அரிசி மூட்டை. தங்கை கூட்டத்தில் பின்னால் எங்கோ தவறிவிட்டாள். பாலத்துக்குச் சற்று முன்பாக நான் ஒரு கணம் கண்ணயர்ந்தேன். சைக்கிள் சரிந்தது. மூட்டையைத்தான் பிடித்தேன், பிள்ளையைப் பிடிக்கவில்லை. சாவகச்சேரியில் தங்கையைக் கண்டபோது, பாடசாலை முற்றத்தில் விளையாடி விழுந்தான் என்று சொன்னேன். அவள் இன்றும், மாமாதான் உன்னை விழவிடாமல் கொண்டுவந்தவர் என்று அவனுக்குச் சொல்லிவருகிறாள்.

தேயிலைக்குள் இருந்தபடி அதை அவனிடம் சொன்னேன். ஏன் அங்கே, ஏன் அப்போது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அவன் சற்று நேரம் கானையே பார்த்தான்.

"தெரியும் மாமா. நான் முழிப்பாத்தான் இருந்தனான்."

"அம்மாவுக்கு?"

"சொல்லேல்ல. நீங்கள் அழுதுகொண்டு உருட்டினீங்கள். அதையும் சொல்லேல்ல."

பிறகு எழுந்து என் சைக்கிளைக் கானிலிருந்து தூக்கினான். திரும்பியிருந்த ஹாண்டிலை முழங்கால்களுக்கிடையில் வைத்து நேராக்கினான். பின் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். கீழே தொழிற்சாலையின் கூரை தெரிந்தது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது.

"இன்னும் இரண்டு கிலோமீற்றர் இருக்கும். உருட்டப்போறீங்களோ, ஓடப்போறீங்களோ?"

ஓடினேன். இன்னும் ஒரு தடவை விழுந்தேன். அது சிறிய விழுகை.