விலை கொடுத்து மீட்பவர்



இந்த வாரம் ஓர் ஆங்கில வினைச்சொல்லை உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன். ‘ரிடீம்’ என்பதே அச்சொல். கைப்பேசியில் வரும் பரிசுக் கூப்பனின் கீழே அதைக் காண்கிறீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதும், அடகு நகையைத் திருப்புவதும் ரிடீம்தான். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய நேரு, தேசம் செய்த உறுதிமொழியை நிறைவேற்றும் வேளை வந்தது என்று சொல்ல இந்த வினையையே எடுத்தாண்டார். உறுதிமொழிக்கு அவர் சொன்ன ‘பிளெட்ஜ்’ என்ற சொல்லுக்கு அடகு என்றும் பொருள் உண்டு. கொடுத்த வாக்கும் மீட்கப்படவேண்டிய ஓர் அடகே.

இச்சொல் லத்தீன் மொழியின் ‘ரெடிமெரே’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. ‘ரெ’ என்றால் திரும்ப. உயிரொலிக்கு முன் அது ‘ரெட்’ என்று வரும். ‘எமெரே’ என்றால் வாங்குதல். அதன் பழம்பொருள் எடுத்தல் என்பதே. விலைகொடுத்து எடுத்தல் என்பது பின்பு வந்தது. காப்பீட்டுக்கு நாம் கட்டும் பிரீமியமும், ஆளைக் கடத்தியவன் கேட்கும் தொகையைக் குறிக்கும் ‘ரான்சம்’ என்ற சொல்லும் இதே வேரின் கிளைகள்.

ஆகவே மீட்பது வேறு, வாங்குவது வேறு. கடையில் புது நகை எடுக்கிறவர் எதையும் மீட்பதில்லை. அடகு வைத்த தன் சங்கிலிக்காகப் பணத்தை எண்ணி வைக்கிறவரே மீட்கிறார். அது அவருடையதுதான், ஆயினும் விலையின்றி வராது. இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்ததே மீட்பு.

லத்தீன் வேதாகமம் மத்தேயு 20:28-இல் இதே வேரிலிருந்து வந்த ‘ரெடெம்ப்தியோ’ என்ற சொல்லை வைத்தது. நம் வேதாகமம் அவ்விடத்தில் ‘மீட்கும்பொருள்’ என்கிறது. தமிழில் இவ்வினை ‘மீள்’ என்பதிலிருந்து வருகிறது. திரும்பி வரச்செய்வது என்று பொருள். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பதைப் பண்டைத் தமிழர் கரந்தை என்றனர். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில், ஊர் மாடுகளைக் காக்கவும் மீட்கவும் சென்று உயிர்விட்ட வீரர்களின் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. லத்தீன் சொல் விலையைச் சொல்லுகிறது; உயிரே அந்த விலையாகக்கூடும் என்பதைத் தமிழ்க் கல் சொல்லுகிறது.

செவிலிமேட்டில் வாழும் நமக்கு இதை அகராதியில் தேடவேண்டியதில்லை. பட்டுச்சேலையின் கரையையும் உடலையும் கோர்வையாக இணைத்து நெய்ய, நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நம் காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் பல தறிகளில் அது ஒரு பிள்ளையின் கையாக இருந்தது. வீட்டில் நோயோ கலியாணமோ வந்தபோது வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறிக்குப் போயிற்று. கூலியில் பிடித்தும் கடன் தீரவில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாடே இனி இல்லை என்று தீர்த்தது. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும், அடுத்த நோய் வரும்போது அக்குடும்பம் மறுபடியும் முன்பணத்துக்குக் கை நீட்டாதபடி தாங்குவதற்கும் சட்டப் புத்தகம் வீட்டுக்கு நடந்து வராது. ஒரு மனிதர் வரவேண்டும்.

அவர் யார்? லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் விடை தருகிறது. வறுமையினால் நிலத்தை விற்றவனுக்காகவும், தன்னையே விற்றுப்போட்டவனுக்காகவும் நெருங்கிய உறவினன் வந்து மீட்கவேண்டும். அந்த உறவினனை எபிரெய மொழி ‘கோயேல்’ என்று அழைக்கிறது. ரூத்தின் சரித்திரத்தில் முதல் உறவினன் தன் சுதந்தரம் கெட்டுப்போகுமென்று பின்வாங்கினான். போவாஸ் முன்வந்தான். வசதி இருவருக்கும் இருந்தது. இழக்க ஆயத்தமாயிருந்தவன் ஒருவனே.

கர்த்தராகிய இயேசு நமக்கு அப்படிப்பட்ட உறவினரானார். நாம் அந்நியர் என்றால் அவர் நம்மை வாங்கினார் என்றே சொல்லியிருப்போம். நாம் ஆதியிலே அவருடையவர்களாயிருந்தபடியால், மீட்டார் என்கிறோம். பாவத்தின் கையில் இருந்த நாட்களிலும் நாம் அவருக்குச் சொந்தமே. ஆயினும் பொன்னும் வெள்ளியும் அதற்கு விலையாகவில்லை என்று பேதுரு எழுதுகிறார்.

பிரியமானவர்களே, மீட்கப்பட்டவர்கள் என்று நம்மை அழைத்துக்கொள்ளுகிறோம். அப்படியானால் சபையில் நம் பக்கத்தில் அமருகிறவர் நமக்கு உறவினர். அவர் வீட்டு அலமாரியில் திருப்பமுடியாத அடகுச் சீட்டு இருக்கலாம். படிப்பை நிறுத்திய மகன் இருக்கலாம். ஜெபிக்கிறேன் என்று சொல்லுவது நல்லது. அது முதல் உறவினனுக்கும் கூடியதே. இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்டபின் நமக்குச் செலவு வைக்கக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள்.

நம்மை மீட்ட கர்த்தர் அதற்கான மனதையும் பெலனையும் நமக்குத் தருவாராக. ஆமென்.